லினக்ஸில் பிணைய அட்டை தென்படாமை

லினக்ஸ் கணினியில் இணைய இணைப்பே காட்டாதபோது, பிணைய அட்டை பழுதாகிவிட்டதென்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அட்டை நன்றாகவே இருக்கும். அதற்குரிய டிரைவரோ ஃபர்ம்வேரோ இல்லாமல் போயிருக்கலாம். அல்லது அட்டை வேறு பெயரில் இயங்கிக்கொண்டிருக்கலாம்.

முதல் சோதனை எல்எஸ்பிசிஐ கட்டளை. யுஎஸ்பியில் செருகும் அடாப்டருக்கு எல்எஸ்யுஎஸ்பி. பட்டியலில் தயாரிப்பாளரின் குறியெண் தெரிந்தால் கணினி அட்டையைக் கண்டுகொண்டது என்று பொருள். இன்டெலின் எண் 8086. அதன் புகழ்பெற்ற சில்லின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்ட குறும்பு அது. பட்டியலிலேயே இல்லையென்றால் பயாஸில் அட்டை முடக்கப்பட்டிருக்கிறதா, செருகியது தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மென்பொருளே அட்டையைக் கெடுத்த சம்பவமும் உண்டு. 2008இல் லினக்ஸ் 2.6.27 உருவாகிக்கொண்டிருந்தபோது, சோதனைப் பதிப்புகளை நிறுவிய சிலரின் இன்டெல் அட்டைகள் செயலிழந்தன. அவற்றின் நிலைநினைவகத்தில் இருந்த தகவல் அழிந்திருந்தது. இ1000இ டிரைவர் மீதுதான் முதலில் சந்தேகம் விழுந்தது. உண்மைக் குற்றவாளி கெர்னலின் வேறொரு மூலையில் இருந்தது: நிரலோட்டத்தைக் கண்காணிக்கும் எஃப்டிரேஸ், மாட்யூல் விட்டுச்சென்ற முகவரியில் எழுதப்போய், அதற்குள் அங்கே குடியேறியிருந்த அட்டையின் நினைவகத்தில் கைவைத்துவிட்டது.

இத்தகைய விபத்துகள் அபூர்வம். அன்றாடத் தொல்லை ஃபர்ம்வேர்தான். பல வைஃபை அட்டைகள், தொடங்கும்போது தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் கோப்பை டிரைவர் ஏற்றினால்தான் வேலை செய்யும். கோப்பு கிடைக்கவில்லையென்றால் டிமெசேஜ் பதிவில் அதன் பெயரோடு பிழைச்செய்தி வரும். கட்டற்ற உரிமம் இல்லாத இக்கோப்புகளை டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் 2011இல் வெளியான தன் 6ஆம் பதிப்பின் கெர்னலிலிருந்து நீக்கியது. கொள்கையளவில் நேர்மையான முடிவுதான். ஆனால் வைஃபை மட்டுமே உள்ள மடிக்கணினிக்காரர், இணையத்தைப் பெற ஒரு கோப்பும், அந்தக் கோப்பைப் பெற இணையமும் தேவை என்ற நிலையில் மாட்டிக்கொண்டார். 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்களித்து இதை மாற்றினர். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பின் நிறுவியிலேயே ஃபர்ம்வேர் சேர்ந்தது.

பெயர்க் குழப்பம் 2013இல், லினக்ஸின் சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்போடு தொடங்கியது. இத்0 என்றிருந்த அட்டை, பிசிஐ தடத்தில் அது இருக்கும் இடத்தைக் குறிக்கும் இஎன்பி3எஸ்0 போன்ற பெயருக்கு மாறியது. பழைய ஸ்கிரிப்டுகள் இத்0வைத் தேடித் தோற்றன. ஐபி லிங்க் கட்டளை இப்போதைய பெயரைக் காட்டிவிடும். அட்டை தெரிந்தும் வைஃபை எழவில்லையென்றால் ஆர்எஃப்கில் கட்டளை போதும்: மடிக்கணினியின் விமானப் பயன்முறைப் பொத்தான் தவறுதலாக அழுந்தியிருப்பது அதில் தெரிந்துவிடும்.