செஞ்சி வட்டாரத்தில் உப்பு: அளத்திலிருந்து நூடுல்ஸ் பொட்டலம் வரை

செஞ்சி, விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள கோட்டை நகரம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்ட இதன் கோட்டை, 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டினுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. செஞ்சியின் வரலாற்றை எழுதுவோர் முற்றுகைகளையும் தேசிங்கு ராஜனையும் விரிவாகப் பேசுவர். அங்கு வாழ்ந்தவர்கள் நாள்தோறும் உண்ட உப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு காலத்தில் வண்டியில் வந்து, படியால் அளந்து, வரி கட்டி வாங்கப்பட்ட உப்பு, இன்று கண்ணுக்குத் தெரியாமல் பொட்டல உணவுக்குள் வருகிறது. இம்மாற்றமே இக்கட்டுரையின் பொருள்.

கடலில்லா ஊருக்கு வந்த உப்பு

செஞ்சி பாறைக் குன்றுகள் சூழ்ந்த உள்நாட்டு ஊர். உப்பு இங்கே விளைவதில்லை. அருகிலுள்ள பெரிய உப்பளம் அதே மாவட்டத்தில், திண்டிவனம் வழியாகக் கிழக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ள மரக்காணம். சங்க நூலான சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். திண்டிவனத்தைச் சூழ்ந்த ஓய்மா நாட்டின் தலைவன் நல்லியக்கோடனைப் போற்றும் அந்நூலில், உப்பு வணிகரான உமணரின் வண்டி வரிசையும் இடம்பெறுகிறது. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு ஏறிய வழி இப்பகுதியில் அவ்வளவு பழையது. உப்பு விளையும் பாத்திக்கு அளம் என்று பெயர். சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகத் தரப்பட்டதால் 'சம்பளம்' என்ற சொல் பிறந்தது என்று விளக்குவோரும் உண்டு.

கோட்டைக்கு இவ்வழிகள் உயிர்நாடி. ராஜகிரியின் அடிவாரத்தில் இன்றும் நிற்கும் களஞ்சியங்களைப் பார்ப்பவர்களுக்கு, முற்றுகைக் காலத்தில் சேமிப்பு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பது விளங்கும். 1690 முதல் 1698 வரை மராத்திய மன்னர் ராஜாராம் தங்கியிருந்த இக்கோட்டையை முகலாயத் தளபதி சுல்பிகார் கான் முற்றுகையிட்டார். இடையில், 1692 இறுதியில், சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் படைகள் வழிகளை மறித்ததால் முற்றுகையிட்டவர்களே உணவின்றித் தவித்தனர். கோட்டைக்கு உள்ளே இருந்தவர்களைப் பட்டினி போட வந்த படை தானே பட்டினி கிடந்தது.

வரி விதித்த காலம்

சென்னை மாகாணத்தில் 1805இல் உப்பு அரசின் ஏகபோகமாக்கப்பட்டது. அளத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள்கூட அரசு வைத்த விலைக்கே வாங்க வேண்டியிருந்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது இந்த வரியை எதிர்த்தே. உப்புவரி 1947இல் நீக்கப்பட்டது. அதன்பின் உப்பு மளிகைக் கடையின் மிக மலிவான பொருளாயிற்று. கடை வாசலில் மூட்டையாகக் கிடக்கும் கல்லுப்பைத் திருடுவார் இல்லை என்று சொல்லும் அளவுக்கு அதன் மதிப்பு இறங்கியது.

பழைய உணவில் உப்பு குறைவாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. கேழ்வரகுக் கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு, வற்றல் எல்லாமே உப்பில் ஊறியவை. ஆனால் அந்த உப்பைப் போட்டது வீட்டின் கை. எவ்வளவு போட்டோம் என்பது போட்டவருக்குத் தெரியும். கூடினால் மறுநாள் குறைத்துக்கொள்ள முடிந்தது.

இரண்டு நிமிட உணவு

உடனடி நூடுல்ஸை 1958இல் ஜப்பானில் மோமோஃபுக்கு ஆண்டோ அறிமுகப்படுத்தினார். இந்தியாவில் 1980களில் மேகி மூலம் அது பரவி, இன்று செஞ்சி போன்ற சிறு நகரங்களின் பெட்டிக் கடைகளிலும் தோரணமாகத் தொங்குகிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலைச் சிற்றுண்டியே அதுதான் என்ற வீடுகள் பல.

2015இல் இவ்வுணவு நாடு முழுவதும் பேசப்பட்டது. உத்தரப் பிரதேசத்தில் எடுத்த மாதிரிகளில் ஈயம் அதிகம் என்றும், 'மோனோசோடியம் குளுட்டமேட் சேர்க்கப்படவில்லை' என்ற உறைவாசகம் தவறானது என்றும் சர்ச்சை எழுந்தது. தமிழ்நாடு அரசு ஜூன் 4 அன்று மேகி உள்ளிட்ட சில நூடுல்ஸ் வகைகளுக்கு மூன்று மாதத் தடை விதித்தது. மறுநாள் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் மேகியைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம், இயற்கை நீதி பின்பற்றப்படவில்லை என்றும், சோதித்த ஆய்வகங்கள் உரிய அங்கீகாரம் பெற்றவை அல்ல என்றும் கூறி அந்த உத்தரவை ரத்து செய்தது. மறு சோதனைகளுக்குப் பின் நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது.

இத்தனை மாத விவாதத்தில் ஈயம் பேசப்பட்டது, குளுட்டமேட் பேசப்பட்டது. ஒவ்வொரு பொட்டலத்திலும் மறைவின்றி அச்சாகியிருந்த உப்பு பேசப்படவேயில்லை. இரத்த அழுத்தத்தை உயர்த்தி, பக்கவாதத்துக்கும் இதய நோய்க்கும் வழிவகுப்பது அன்றாடம் சேரும் இந்தச் சோடியமே.

எண்ணைப் படிக்கும் முறை

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 2,000 மி.கி. சோடியத்துக்கும் குறைவு, அதாவது 5 கிராமுக்கும் குறைவான உப்பு. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. சிறுவர்களுக்கு இதைவிடக் குறைவு. 2017-18இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியர் சராசரியாக உண்பது நாளொன்றுக்கு 8 கிராம்.

உறையில் சோடியம் என்று இருக்கும் எண்ணை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 100 கிராமுக்கு 1,000 மி.கி. சோடியம் என்று போட்டிருந்தால், 70 கிராம் பொட்டலத்தில் 700 மி.கி. இருக்கும். அது 1.75 கிராம் உப்பு. ஒரு நாள் வரம்பில் 35 விழுக்காடு, அதுவும் ஒரு சிற்றுண்டியில். பெரிய பொட்டலங்களில் 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கணக்கு தனியே இருக்கும். உண்பவர் ஒரு பரிமாறலோடு நிறுத்துகிறாரா என்பது வேறு கேள்வி. ஆகவே வகைகளை ஒப்பிட 100 கிராம் கணக்கே நம்பகமானது.

இந்தச் சோடியத்தின் பெரும்பகுதி மசாலாப் பொடியில் உள்ளது. மாவிலும் கொஞ்சம் உண்டு. ஜப்பானியர் சூப்பைக் குடிக்காமல் விட்டால் உப்பு கிண்ணத்திலேயே தங்கும். நம் மசாலா நூடுல்ஸிலோ நீர் வற்றிவிடுவதால் அவ்வளவும் வயிற்றுக்குத்தான். பொடியில் பாதியைப் போட்டு, கேரட், பீன்ஸ், முட்டை சேர்த்து, மிளகு தூவிச் சமைப்பது எளிய வழி. 'கேழ்வரகு', 'சிறுதானியம்' என்று முன்பக்கம் அச்சிட்ட வகைகளில் தானியம் மாறினாலும், உள்ளிருக்கும் பொடி அதே உப்புடன் இருக்கலாம். எண்ணெயில் பொரிக்காத வகைகளில் கொழுப்பு குறையும். உப்பு குறையும் என்று பொருளில்லை. உப்புமாவுக்கு வாங்கும் வெறும் சேமியாவில் உப்பை நாமே அளக்கிறோம் என்பதால், இவ்வகையில் அதுவே மேல்.

சமையல் உப்பிலும் மாற்று உண்டு. தமிழ்நாடு உப்புக் கழகம் தயாரித்து 2014 ஜூனில் அறிமுகமான 'அம்மா உப்பு' மூன்று வகைகளில் ஒன்று, சோடியம் குறைந்த உப்பு. இத்தகைய உப்பில் பொட்டாசியம் மிகுதி என்பதால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தக் கூடாது.

உறையின் முன்பக்கத்திலேயே உப்பின் அளவைக் காட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்துள்ளது. சிலி நாட்டில் 2016 முதல் சோடியம் மிகுந்த உணவுகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. இந்தியாவில் ஆணையம் 2022 செப்டம்பரில் நட்சத்திர மதிப்பீட்டு முறைக்கு வரைவு வெளியிட்டது. நட்சத்திரம் கெட்டதையும் நல்லது போலக் காட்டிவிடும், நேரடி எச்சரிக்கையே வேண்டும் என்று நுகர்வோர் அமைப்புகள் அதை எதிர்த்தன. இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.