நாற்பது நாள்

போன மாதம் ஒரு பழைய பென்டிரைவைக் கணினியில் செருகினேன். அண்ணன் கல்லூரியில் படித்தபோது எழுதிய சின்ன மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றித் தரும். அண்ணன் இப்போது இல்லை. திறப்பதற்குள் திரையின் ஓரத்தில் அறிவிப்பு: சந்தேகத்துக்குரிய கோப்பு, குவாரண்டைன் செய்யப்பட்டது. போச்சுடா என்று உட்கார்ந்துவிட்டேன்.

போகவில்லை. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஆறுதல் இருந்தது.

1377இல் ரகூசா நகரம் (இன்றைய டுப்ரோவ்னிக்) ஒரு சட்டம் போட்டது: கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே தங்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பிற்பாடு 30 என்பது 40 ஆனது. வெனிஸ்காரர்களின் பேச்சில் நாற்பதைக் குறித்த சொல்லே குவாரண்டைன் ஆயிற்று. வந்தவனைக் கொல்லவில்லை, கதவையும் திறந்துவிடவில்லை. 'இரு, பார்ப்போம்' என்றார்கள்.

கணினிக்கு இந்த நிதானம் மெதுவாகத்தான் வந்தது. 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ், அவர்களுடைய முகவரியையும் போன் நம்பரையும் சுமந்துகொண்டே ஊர் சுற்றியது. அன்றைய ஆன்டிவைரஸுக்குத் தெரிந்த வேலை, போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டிய போட்டோவோடு முகத்தை ஒப்பிடுவது மாதிரி: தெரிந்த வைரஸின் பைட் வரிசை கோப்பில் இருக்கிறதா என்று தேடும். வைரஸ்கள் உருமாறக் கற்றதும் அது போதவில்லை. நடத்தையைக் கவனித்தது. யார் கையொப்பமிட்டது, எத்தனை பேரிடம் இருக்கிறது என்று விசாரித்தது. ஊருக்குப் புதுசா வந்தவனை டீக்கடை பார்க்கிற பார்வை.

அந்தப் பார்வை தவறவும் செய்யும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த உறுப்பான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. பல நிறுவனங்களில் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. தவறு நேரும் என்பதால்தான் குவாரண்டைன். கோப்பைக் குறியாக்கி, ஓட முடியாதபடி தனியிடத்தில் பூட்டி வைக்கும். வேண்டுமென்றால் மீட்கலாம்.

அண்ணனின் மென்பொருளுக்குக் கையொப்பம் கிடையாது. எங்கள் வீட்டைத் தாண்டி அது ஓடியதாகவும் நினைவில்லை. உலகத்துக்கு அது அந்நியன்தான். அந்தப் பென்டிரைவும் எத்தனையோ பிரவுசிங் சென்டர்களில் நுழைந்து வந்தது. உண்மையிலேயே ஏதாவது தொற்றியிருக்கலாம். ஆன்டிவைரஸ்மேல் கோபப்பட முடியவில்லை.

பக்கத்திலேயே அவன் எழுதிய மூலநிரல் இருந்தது. வெறும் உரைக் கோப்பு, அதை யாரும் தடுக்கவில்லை. 'ஔ இன்னும் சரியா வரலை, நாளைக்குப் பாக்கணும்' என்று நடுவில் ஒரு குறிப்பு.

மீட்கும் பொத்தானை நான் இன்னும் அழுத்தவில்லை. அந்த ஔவைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.