பொறியும் பரிவும்

மனிதன் வீடு கட்டிக்கொண்ட நாள்முதலே அவ்வீட்டிற்கு அழையா விருந்தினரும் வந்து சேர்ந்தனர். அவன் நெல்லைக் குவித்து வைத்தான், எலி வந்தது. எலியைத் தேடிப் பாம்பு வந்தது. கோழி வளர்த்தான், காட்டுப்பூனை வேலியோரம் வந்து காத்திருந்தது. தோப்பு வைத்தான், குரங்கும் மரநாயும் வௌவாலும் தத்தம் பங்கைக் கேட்டன. இவ்வுயிர்களை எவ்வாறு அகற்றுவது என்னும் வினா, வீடு தோன்றிய காலத்தே தோன்றியது. வதைக்காமல் அகற்றுவது எவ்வாறு என்னும் வினாவும் நம் நாட்டிற்குப் புதியதன்று. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில், மாங்குளம் முதலான இடங்களில், கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என அறிஞர் கருதும் தமிழிக் கல்வெட்டுகளோடு சமண முனிவரின் கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. எவ்வுயிரையும் கொல்லலாகாது என்ற நோன்புடையோர் அங்கே வாழ்ந்தனர். அதே நாட்டின் மலைச்சாரல்களில் வேட்டுவர் பொறி வைத்தனர். இவ்விரு நெறிகளும் ஒருங்கே வளர்ந்த நாடு நம் நாடு. அந்த வரலாற்றை இன்று உங்களோடு சிறிது ஆராய விரும்புகிறேன்.

முதலில் சங்க காலத்தைக் காண்போம். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பாட்டொன்று உண்டு. மாலை வேளையில் வேலியருகே வெருகுகள் வந்து நிற்கின்றன. அதைக் கண்டு அஞ்சிய வீட்டுக்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. வெருகு என்பது காட்டுப்பூனை. காட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு வேலிதான் இருந்தது என்பதை அப்பாட்டால் அறிகிறோம்.

தினைப்புனத்திலோ காவல் இன்னும் கடுமையானது. பகலில் கிளியை ஓட்டத் தட்டையும் கவணும் இருந்தன. இரவில் வரும் பன்றிக்கு அவை போதா. ஆதலின் 'அடார்' என்னும் கற்பொறியை அமைத்தனர். கனத்த பலகைக் கல் ஒன்றைச் சிறு கோலால் தாங்கி நிறுத்துவர்; அதன் கீழ் இரையை வைப்பர்; இரையைத் தொட்ட விலங்கின்மேல் கல் விழும். இப்பொறி எத்துணை நன்கு அறியப்பட்டிருந்தது என்பதற்குப் புறநானூறே சான்று. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய குடபுலவியனார், அவனுடைய மார்பைப் புலிக்கு வைத்த பெருங்கல் அடாருக்கு ஒப்பிடுகிறார். அரசனைப் புகழ்வதற்கே ஒரு பொறி உவமையாயிற்று என்றால், கேட்டோர் அனைவரும் அதனைக் கண்டறிந்தவராய் இருத்தல் வேண்டும் அன்றோ?

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இதைவிடச் சுவையான செய்தியைத் தருகிறது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் பகுதியில், பன்றி விளைபுனத்தை அழிப்பதற்கு அஞ்சிய குறவர் அது நுழையும் வழிதோறும் கற்பொறிகளை மாட்டியிருப்பர். ஆகையால் இரவில் செல்லாது தங்கிப் பொழுது விடிந்தபின் செல்லுங்கள் என்று எச்சரிக்கை கூறப்படுகிறது. நான் இப்பகுதியைப் படிக்குந்தோறும் வியப்பதுண்டு. பன்றிக்கு வைத்த பொறி பன்றியை மட்டும் அறியாது. வழியே வரும் கூத்தனும் அதற்கு ஒன்றே. அவன் பின்னால் வரும் சிறுவனும் ஒன்றே. பொறியின் முதற்குறையை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் கண்டு, பாட்டில் எழுதி வைத்தனர்.

இனி, பொறியின் இரண்டாம் குறையை அறியப் பல நூற்றாண்டுகளைக் கடந்து வருவோம். 1896ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தோன்றிற்று. 1898இல் சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் ஆய்வு நடத்தி, நோய் எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சியின் வழியாகப் பரவுகிறது என்று காட்டினார். அந்நோய் நம் மதுரைப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. அந்நாளில் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த, இன்று தேனி மாவட்டத்தைச் சேர்ந்த, கம்பம் பள்ளத்தாக்கு பிளேக் நிலைகொண்ட இடங்களுள் ஒன்றாயிற்று. அங்கே நிகழ்ந்த ஆய்வைப் பற்றி ஜார்ஜ், வெப்ஸ்டர் என்னும் இருவர் எழுதிய கட்டுரை 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது.

இத்தகைய ஆய்வுக்கு எலியை உயிரோடு பிடித்தல் இன்றியமையாதது. ஏனெனில், எலி இறந்து உடல் குளிர்ந்தவுடன் தெள்ளுப்பூச்சிகள் அதை விட்டு நீங்கிவிடும். உயிருள்ள எலியின் உடலில் எத்தனை பூச்சிகள், அவை எவ்வகையின என்று எண்ணினால்தான் நோயின் போக்கு விளங்கும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வீட்டில் எலியைக் கொன்றுவிட்டால் அதனை விட்டகன்ற பூச்சிகள் வேறு உடலைத் தேடும். அருகே உறங்கும் மனிதனே அவ்வுடலாகவும் கூடும். எலியை ஒழித்தலே நோயை ஒழித்தல் என்று எண்ணியவர்க்கு இது பெரும் பாடமாயிற்று.

அக்காலத்தில் வேறோர் ஊரிலும் ஒரு பாடம் கிடைத்தது. 1902இல் வியட்நாமின் ஹனாய் நகரை ஆண்ட பிரெஞ்சு அதிகாரிகள், கொன்ற எலியின் வாலைக் கொண்டு வருவோர்க்குக் காசு தருவதாக அறிவித்தனர். வால்கள் குவிந்தன, எலிகள் குறையவில்லை. வாலிழந்த எலிகள் தெருவில் ஓடுவதைக் கண்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது. மக்கள் வாலை மட்டும் அறுத்துக்கொண்டு, மேலும் குட்டி ஈன்று பெருகட்டும் என்று எலியை விட்டுவிட்டனர்! காசுக்காக எலி வளர்த்தோரும் இருந்தனர்.

இக்கதை நகைப்பிற்குரியது. ஆயின், சூது சிறிதுமில்லாத இடத்தும் விளைவு பெரிதும் வேறுபடவில்லை. 1940களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டேவிஸ் முதலிய அறிஞர்கள் நகர எலிகளைப் பற்றி ஆராய்ந்தனர். ஒரு தெருத்தொகுதியில் எலிகளைப் பிடித்தும் நஞ்சிட்டும் குறைத்தால், சில திங்களில் அவை பழைய எண்ணிக்கைக்கே பெருகிவிட்டன. குப்பையை அகற்றி, உணவையும் ஒதுங்கும் இடத்தையும் குறைத்த தெருக்களிலோ எலிகள் குறைந்தன, குறைந்தபடியே இருந்தன. ஓரிடத்தில் எத்தனை எலிகள் வாழும் என்பதை அவ்விடத்து உணவும் உறைவிடமுமே வரையறுக்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. பொறி விலங்கை அகற்றும். அது வந்த காரணத்தை அகற்றாது. இதுவே பொறியின் இரண்டாம் குறை.

அறிவு ஒருபுறம் இவ்வாறு வளர, பரிவும் சட்ட வடிவம் பெறத் தொடங்கியது. அதில் முன்னின்றவர் மதுரையில் பிறந்த பெண்மணி என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. 1904இல் மதுரையில் தோன்றி, 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களை நடனக் கலைஞராகவே பலரும் அறிவர். 1952இல் மாநிலங்கள் அவைக்கு நியமிக்கப்பெற்ற அவர், விலங்கு வதையைத் தடுக்கும் மசோதா ஒன்றை அவையில் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூற, அம்மசோதா திரும்பப் பெறப்பட்டது. அவ்வுறுதியின் பயனாகப் பிறந்ததே 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதன்படி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவரானார்.

பின்னர் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அச்சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்கு விரிந்த பொருள் தந்தது. கொல்லுதல் மட்டுமன்று, பிடித்தலும் பொறி வைத்தலும்கூட வேட்டையே. ஆதலின் ஒருவர் தம் வீட்டுக் கூரையில் ஏறிய குரங்கையோ, பரணில் ஒதுங்கிய மரநாயையோ தாமாகவே பிடித்தல் ஆகாது. வனத்துறைக்கு அறிவித்தலே முறை. காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவற்றைத் தீங்குயிர்கள் என்று தனியே வைத்திருந்த பட்டியலும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது.

சட்டம் வந்தபின் 'பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடுதல்' என்பதே பரிவுள்ள வழி என்று பலரும் கருதலாயினர். கேட்பதற்கு இனிய வழிதான். அது எந்த அளவிற்கு உண்மை என்பதைக் குரங்கின் வரலாற்றால் அறியலாம்.

அழகர்மலை அடிவாரத்தில் நாம் காணும் குரங்கு, தலையுச்சியில் குல்லாய் வைத்தாற்போல் மயிர் சுழன்று நிற்கும் நாட்டுக்குரங்கு. தென்னிந்தியாவையன்றி வேறெங்கும் இயல்பாக வாழாத இனம் அது. குரங்குக் கூட்டத்தில் பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுதும் இருக்கும். ஆண் குரங்குகளே வளர்ந்தபின் பிரிந்து செல்லும். தாய், மகள், பேத்தி என்று தொடரும் குடும்பம் அது. கூண்டில் அகப்பட்ட நான்கைந்தை மட்டும் கொண்டுசென்று அறியாத காட்டில் விட்டால், அங்கே நீர் எங்குள்ளது, கனி எங்குள்ளது என்று அவை அறியா. அக்காட்டுக்கு உரிய கூட்டமும் அவற்றை எளிதில் ஏற்காது.

1997இல் வடநாட்டுப் பிருந்தாவனத்தில் இக்குறையை உணர்ந்து செய்த முயற்சி ஒன்று உண்டு. சுமார் 600 செம்முகக் குரங்குகளைக் கூட்டம் கூட்டமாகவே பிடித்து, எட்டு இடங்களில் விட்டனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் சென்று பார்த்தபோதும் அவை அங்கே நிலைத்திருந்தன. இத்தகைய பணிகளுள் நன்கு நிறைவேறிய ஒன்றாக இதனைக் கூறுவர். எனினும், பிருந்தாவனத்துக் குரங்குத் தொல்லை இன்றும் தீர்ந்தபாடில்லை. குரங்குகள் சென்றன; அவற்றை அழைத்த பழமும் பண்டமும் அங்கேயே இருந்தன. மேலும், வடநாட்டுச் செம்முகக் குரங்கு தெற்கு நோக்கிப் பரவ, நம் நாட்டுக்குரங்கின் எல்லை சுருங்கி வருகிறது என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஓரிடத்தில் பிடித்ததை மற்றோரிடத்தில் விடும் வழக்கமும் அதற்கு ஒரு காரணம் என்பர்.

பாம்பின் செய்தியும் இத்தகையதே. அமெரிக்காவில் ஒருவகைச் சலங்கைப் பாம்புகளை வேற்றிடத்தில் விட்டு ஆராய்ந்து 1999இல் எழுதிய கட்டுரை, அவை நிலைகொள்ளாது நெடுந்தொலைவு அலைந்தன என்றும், உரிய இடத்தில் வாழும் பாம்புகளைவிட மிகுதியாக இறந்தன என்றும் கூறுகிறது. பிடித்தவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாவு நிகழ்ந்தது; அவ்வளவே வேறுபாடு.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் ஓட்டு வீட்டில் நிகழ்ந்ததை இங்கே கூறுதல் பொருந்தும். பரணில் ஒரு மரநாய் தங்கியது. இரவெல்லாம் ஓசை, காலையில் கூடத்தில் பழக்கொட்டைகள். யாரோ ஒருவர் கூண்டில் வாழைப்பழம் வைத்து அதைப் பிடித்து, வண்டியில் ஏற்றிச் சென்று மலையோரம் விட்டுவந்தார். ஓர் அடியும் அடிக்கவில்லை. அன்றிரவு வீட்டார் நிம்மதியாக உறங்கப் போயினர். ஆனால் பரணிலிருந்து மெல்லிய கீச்சொலி எழுந்தது. இரண்டு நாள் கேட்டது. மூன்றாம் நாள் கேட்கவில்லை. ஓட்டைப் பிரித்துப் பார்த்தபோது கண்திறவாத இரண்டு குட்டிகள் கிடந்தன. அந்தக் கூண்டில் முள் இல்லை, கல் இல்லை. ஆயினும் அது அடாரின் வேலையையே செய்து முடித்தது.

செய்யத்தக்கது யாது? வீட்டுக்குள் வந்த நாகத்திற்கும், கடிக்க வரும் குரங்கிற்கும் வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ அழைத்தே ஆகவேண்டும், தாமதித்தல் தகாது. மற்றவற்றிற்குப் பொறுமையே முதற்கருவி. மரநாய் நுழையும் துளையருகே மாலையில் சிறிது மாவைத் தூவி வைத்தால், அது வெளியே சென்ற அடிச்சுவடு தெரியும். குட்டிகள் இருப்பின் அவை வளர்ந்து தாயோடு வெளியேறும் வரை சில வாரங்கள் காத்தல் வேண்டும். பின்னர், உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, துளையைக் கம்பிவலையால் அடைத்தல் வேண்டும். கூரையைத் தொடும் கிளையைக் கழித்தல், நெல்லையும் பருப்பையும் மூடியுள்ள கலத்தில் வைத்தல், எச்சில் இலையை வாயிலில் எறியாமை, வைக்கோலையும் விறகையும் சுவரை ஒட்டிக் குவிக்காமை ஆகியவை எளிய செயல்கள். கோயிலுக்குச் செல்லும்போது குரங்கின் கையில் பழம் கொடுப்பதை அறம் என்று கருதுகிறோம். அந்தக் கையே நாளை ஒரு குழந்தையின் கைப்பண்டத்தைப் பறிக்கும். அதற்கு மறுநாள் கூண்டு வரும். கூண்டிற்கு முதல் இரையை வைத்தவர் நாமே ஆகிறோம்.

மாணவர்களே, மலைபடுகடாம் கூத்தர்க்குக் கூறிய எச்சரிக்கை இன்று நமக்கும் பொருந்துவது. பொறி வைக்குமுன், அதில் சிக்கப்போவது யார் என்று எண்ணுங்கள். பிடித்ததை அகற்றுமுன், அதன் பின்னே எவ்வுயிர் காத்திருக்கிறது என்று எண்ணுங்கள். அகற்றியபின், அதே வழியில் அடுத்தது வாராதிருக்க நாம் செய்தது என்ன என்றும் எண்ணுங்கள். இம்மூன்றையும் எண்ணி நடக்கும் வீட்டில் பொறிக்குப் பெரும்பாலும் வேலை இராது. உங்கள் வீட்டுப் பரணையும் கொல்லையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, எந்தத் துளை திறந்திருக்கிறது, எந்தப் பண்டம் மூடாதிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பரிவு அங்கிருந்து தொடங்கட்டும்.