வந்தாறுமூலையின் காலை இனிப்பு: பட்டித் தயிரிலிருந்து கூப்பன் சீனி வரை

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால் ஏறாவூர், செங்கலடி தாண்டி வருவது வந்தாறுமூலை. வயலும் வாவியும் சூழ்ந்த இந்த ஊரைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இருப்பிடமாகவே இன்று பலரும் அறிவர். அதன் கண்ணகி அம்மன் கோயிலும் மகா விஷ்ணு கோயிலும் அதற்கு முந்திய அடையாளங்கள். கோயிற் சடங்குக்கான பொங்கலும் கலியாணப் பலகாரமும் ஏதோ ஒரு வகையில் எழுத்தில் ஏறியிருக்கின்றன. பிள்ளை பள்ளிக்கூடம் போகுமுன் தாய் பிசைந்து கொடுத்த பிட்டும் பழமும் சீனியும் அப்படி ஏறவில்லை. அந்த அன்றாட இனிப்பு கடந்த நூறாண்டுக்கும் மேலான காலத்தில் எப்படி மாறிவந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். மாவும் இனிப்பும் பாலும் பலமுறை இடம் மாறின, ஆனால் சமைக்கும் பக்குவம் கைவிடப்படவில்லை என்பது என் வாதம்.

சமவெளியில் நெல்லும், சேனைகளில் குரக்கனும் சோளமும் பயறும் விளைந்த நாடு இது. மாவை நீர் தெளித்துப் பிசறி ஆவியில் வேகவைக்கும் முறை இத்தீவில் பழையது என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. 1660இல் கொட்டியாரக் குடாவில் சிறைபிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கழித்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் குரக்கன் மாவில் செய்யும் பிட்டைப் பற்றி எழுதுகிறார். அவர் கண்டது மலைநாட்டுச் சமையல். ஆயினும் அவர் பிடிபட்ட இடம் இதே கிழக்குக் கரையில்தான். பிட்டு கண்டி, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் எல்லாவற்றுக்கும் பொதுவான உணவாகத் தன் வடிவை அன்றே பெற்றிருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

சீனி அன்றாடப் பொருளாகாத காலத்தில் இனிப்பு எங்கிருந்து வந்தது? காட்டுத் தேன் ஒரு மூலம். மேற்குக் காடுகளிலும் வாகரைப் பக்கத்திலும் வேடர் தேன் எடுத்தனர். யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியும் மலைநாட்டுக் கித்துள் பாணியும் வெளியிலிருந்து வந்தவை. பேராதனையிலிருந்து பதுளை வழியாக வரும் பெருவீதி செங்கலடியில் வந்து முடிவது இந்த ஊருக்கு மலைநாட்டைக் கிட்டவாக்கியது. 1928இல் புகையிரதப் பாதை மட்டக்களப்பை எட்டியபின் சரக்குப் போக்குவரத்து இன்னும் எளிதாயிற்று. ஆனால் அக்கால வீட்டுக்கு மிக நெருங்கிய இனிப்புகள் வாழைப்பழமும் தேங்காய்ப்பாலும்தான். இரண்டும் வளவுக்குள்ளேயே கிடைத்தன. வளவிலும் வயலிலும் விளைவதையே நம்பியிருந்ததால் காலை இனிப்புக்கு ஒரு பருவம் இருந்தது. பெரும்போக நெல் வீட்டுக்கு வரும் தை, மாசி மாதங்களில் புதிர் அரிசிப் பாற்புக்கையும், புது நெல்லில் இடித்த அவலும், தேங்காய்ப்பூ தூவிய பயறும் பெருகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நெற்பானை வற்றும்போது குரக்கனும் கிழங்கும் அந்த இடத்துக்கு வரும்.

தயிரைத் தனியாகச் சொல்ல வேண்டும். மட்டக்களப்புத் தயிர் என்று கொழும்புவரை பெயர்பெற்றது எருமைத் தயிர். பசும்பாலில் ஏறத்தாழ 4 வீதமாக இருக்கும் கொழுப்பு எருமைப்பாலில் 7 வீதத்தைத் தாண்டும். புரதமும் அதிகம். காய்ச்சி ஆறவைத்த பாலை மண்சட்டியில் ஊற்றி முதல்நாள் தயிரில் கொஞ்சம் உறையிட்டு வைத்தால், சுட்ட மண் தன் நுண்துளைகளால் நீரை உறிஞ்சிக்கொள்ள, மேலே ஆடையோடு தயிர் இறுகி நிற்கும். அகப்பையால் வெட்டி எடுக்கலாம். அந்தத் துண்டைச் சூடான பிட்டின்மேல் வைத்து, கதலி வாழைப்பழம் ஒன்றை உரித்துப்போட்டு, சீனியோ பாணியோ விட்டுக் கையால் பிசைவார்கள். சூட்டில் தயிரின் விளிம்பு மட்டும் இளகும். நடு குளிர்ந்தே இருக்கும். புளிப்பும் இனிப்பும் சூடும் குளிரும் ஒரே வாயில் சேரும் இந்த உணவுக்கு நிகரான காலைச் சாப்பாடு வேறெங்கும் இல்லை என்று இப்பக்கத்தார் சொல்வதை நான் மிகையாகக் கருதவில்லை.

இந்தத் தயிருக்குப் பின்னால் இருப்பது மாட்டுப் பட்டி. விதைப்புக் காலத்தில் மாடுகளை வயலிலிருந்து தூரத்து மேய்ச்சல் தரைக்கு ஓட்டிப்போய், அறுவடை முடிந்தபின் தாளடியில் மேயவிடுவது இங்கத்தைய வழமை. நெல்லின் நாட்காட்டியும் பாலின் நாட்காட்டியும் ஒன்றோடொன்று பின்னியவை.

பக்குவம் மாறாமல் நின்றதற்கு நான் காணும் காரணம் குடும்ப அமைப்பில் இருக்கிறது. மட்டக்களப்பில் நெடுங்காலம் வழங்கிய முக்குவர் சட்டம் தாய்வழிச் சொத்துரிமையைக் கொண்டது. 1876ஆம் ஆண்டின் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அது வழக்கொழிந்தது. ஆனால் வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுப்பதும், கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டில் வந்து தங்குவதும் நிற்கவில்லை. அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டென்னிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொதுவான வழமை. மகள் வேறு வீட்டுக்குப் போய் மாமியாரிடம் சமையல் பழகும் நிலை இங்கே குறைவு. தாய், மகள், பேத்தி மூவரும் ஒரே வளவில் இருந்தால் மாவின் பதம் வாய்மொழிக்கு வரவேண்டிய தேவையே இல்லை, கை பார்த்துக் கை பழகும். சமையல் ஏடு இங்கே எழுதப்படாததற்கும் இதுவே காரணமாகலாம் என்பது என் ஊகம். ஏறாவூர் முஸ்லிம் வீடுகளின் வட்டிலப்பமும் தொதலும் பெருநாளுக்குரியவை. அவை வேலி தாண்டித் தமிழ் வீடுகளுக்கு வந்தாலும் காலைச் சாப்பாட்டில் இடம்பெறவில்லை.

பெரிய மாற்றம் இரண்டாம் உலகப்போரோடு வந்தது. பர்மா அரிசி நின்றபின் 1942இல் அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பன் புத்தகமும் சங்கக்கடையும் ஒவ்வொரு ஊருக்கும் வந்தன. நெல் விளைந்த வந்தாறுமூலைக்கு அரிசியைவிடச் சீனியும் கோதுமை மாவும்தான் புதிது. பங்கீட்டில் கிடைத்த சீனி மெல்ல மெல்லப் பருவத்தின் பிடியிலிருந்து இனிப்பை விடுவித்தது. இனி வாழை குலைதள்ளும்வரை காத்திருக்க வேண்டாம். இடியப்பத்தின்மேல் தேங்காய்ப்பூவும் சீனியும் தூவிக் கொடுத்தால் எந்த மாதத்திலும் பிள்ளை சாப்பிடும். பங்கீடு என்ற இந்தச் சலுகை எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை, கூப்பன் அரிசியின் விலையை அரசு 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது 1953 ஆகஸ்ட் 12இல் நாடு தழுவி நடந்த ஹர்த்தாலில் காணலாம்.

கோதுமை மா சிக்கலானது. அரிசிமாவை வறுத்து, கொதிநீர் விட்டு, அகப்பைக் காம்பால் கிளறினால் உதிரியாக நிற்கும். கோதுமை மாவில் நீர் பட்டவுடன் அதன் புரதம் பசையாகி இழுபடும், பிட்டு உருளாது. வீட்டுப் பெண்கள் கண்ட வழி, மாவைத் துணியில் கட்டி முதலில் ஆவியில் அவித்து, கட்டிகளை உடைத்து அரிதட்டில் அரித்து எடுப்பது. வெப்பத்தில் புரதம் தன் இழுவையை இழந்துவிடுவதால் அந்த அவித்த மா அரிசிமாவைப் போலவே நடந்துகொள்கிறது. அதன்பின் சுண்டால் கொத்தி, பிட்டுக்குழலிலோ நீத்துப்பெட்டியிலோ தேங்காய்ப்பூவை இடையிட்டு அவிக்கலாம். இலங்கைத் தமிழ்ச் சமையலறைகளில் நடந்த மிகச் சிறந்த கண்டுபிடிப்பு இது என்பேன். வெளிநாட்டு மாவுக்கு ஏற்றபடி உணவை மாற்றாமல், உணவுக்கு ஏற்றபடி மாவை மாற்றிக்கொண்டார்கள். பிறகு அரிசிமாவும் அவித்த மாவும் பாதிக்குப் பாதி கலந்த பிட்டு வழமையாயிற்று. பால் பிட்டுக்கு இந்தக் கலவை இன்னும் பொருந்தியது. கப்பிப்பாலில் சீனியும் ஓர் உப்புக்கல்லும் கரைத்துச் சூடாக்கி, உதிர்த்த பிட்டை அதிலிட்டு, இறக்கும்போது தலைப்பால் விட்டால் மா பாலைக் குடித்தும் குழையாமல் இருக்கும்.

1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சீனியும் மாவும் அருகின. பாணுக்கு வரிசை நின்ற அந்த ஆண்டுகளில் குரக்கனும் மரவள்ளியும் காலை உணவுக்குத் திரும்பின. அதே தசாப்தத்தில்தான் சுகாதார அமைச்சின் திரிபோஷா தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்படத் தொடங்கியது. சோளமும் சோயாவும் சேர்ந்த அந்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சுவதைவிடத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடிக்கவே தாய்மார் விரும்பினர். இன்று கடையில் விற்கும் சமபோஷாவுக்கும் அதே உருண்டைதான்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பில் கரையேறியது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்னந்தோட்டங்கள் வேரோடு சாய்ந்தன. சீனி, மா, அரிசி மூன்றையும் வெளியிலிருந்து கொண்டுவரலாம். தேங்காய்ப்பால் வீட்டு மரத்தில் இருந்து வந்தது. புதிதாக நட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் வேண்டும். அத்தனை காலமும் தேங்காய் விலைகொடுத்து வாங்கும் பொருளானது. காலை இனிப்பின் வரலாற்றில் இதுவே மிகக் கூரிய முறிவு என்று நான் கருதுகிறேன். 1980இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியதும் கோதுமை மா கிழக்கில் தாராளமாயிற்று. தேங்காய் அருகி மா பெருகிய அந்த நேரத்தில் பாணும் வாழைப்பழமும், பாணில் தடவிய ரின்பாலும் வேகமாக இடம்பிடித்தன.

1981இல் வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. பல மாவட்டத்துப் பிள்ளைகள் வந்து தங்க, ஊர்ச் சமையல் காசுக்கு விற்கும் பொருளானது. ஆனால் உள்நாட்டுப் போரின் நடுவே 1990இல் அதே வளாகம் அகதி முகாமாக இருந்தபோது, செப்டம்பர் 5ஆம் நாள் அங்கிருந்து 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர். வளவும் தாய்வீடும் விட்டு ஓடிய குடும்பங்களுக்கு உலருணவு நிவாரணமே சமையலின் அளவுகோலாயிற்று. அரிசி, மா, பருப்பு, சீனி என்ற அந்தப் பொதியில் பாலுக்கு இடமில்லை. தேங்காய்த் துருவலும் சீனியும் சேர்த்துத் தட்டிய ரொட்டி அக்காலத்துப் பிள்ளைகளின் காலை உணவாக நிலைத்தது. பட்டிகளுக்குப் போகும் வழிகள் அடைபட்டதால் ஆண்டுக்கணக்கில் தயிர்ச் சட்டியும் அருகியது.

போர் முடிந்தபின் தயிர் திரும்பியது. நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் சட்டிகள் அடுக்கப்பட்டன. 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மாவும் கோதுமை மாவும் எட்டாத விலைக்குப் போனபோது, அரிசிமாப் பிட்டும் எருமைத் தயிரும் பல வீடுகளுக்கு மறுபடி எளிய வழியாயின. ஆனால் அந்தப் பாலின் நிலம் இன்று உறுதியாக இல்லை. செங்கலடிப் பிரதேசத்தின் மேற்கே மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளை அயல் மாவட்டத்தார் அத்துமீறிப் பயிர்செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் தொடர் போராட்டம் தொடங்கினர். அவர்கள் அமர்ந்த இடம் வந்தாறுமூலைக்குச் சற்று வடக்கே, அதே வீதியிலுள்ள சித்தாண்டி. விதைப்புக் காலத்தில் மாடுகளை ஓட்டிப்போக வேறு தரை இல்லை என்பதே அவர்களின் முறைப்பாடு. வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் இவ்வூர் வீடுகளுக்குத் தயிர் வருமா என்பதை அந்தத் தரைகளே முடிவு செய்கின்றன.