பேத்திக்குத் தைக்கும் குப்பாயம்



பேத்தியின் கல்லூரி விழாவுக்கு விக்டோரியா காலத்துச் சட்டை தைக்கிறேன். பித்தளைப் பற்சக்கரமெல்லாம் ஒட்டி ‘ஸ்டீம்பங்க்’ ஆக்குவாளாம்! நீளக்கை, கழுத்துவரை பொத்தான். துணி வெட்டும்போது தெற்குத் திருவிதாங்கூர் நினைவு வந்தது.

அதே விக்டோரியா காலத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், மேலாடை அணிந்த நாடார் பெண்களைத் தெருவில் மறித்துத் துணியைக் கிழித்தார்கள். கிறிஸ்தவப் பெண்களிடம் பரவிய தைத்த மேற்சட்டைக்குப் பெயர் குப்பாயம். சென்னை கவர்னர் டிரெவெல்யன் நெருக்கவே, 1859 ஜூலை 26 அன்று எல்லா நாடார் பெண்களும் அதை அணியலாம் என்று மகாராஜா அறிவித்தார். மேல்சாதிப் பெண்களைப்போல் தோள்சீலை மட்டும் போடக்கூடாதாம். தைத்த சட்டைக்குச் சரி, தைக்காத சீலைக்குத் தடை!

“சட்டை போட அனுமதியா தாத்தா?” என்றாள் பேத்தி. மெஷினை நிறுத்திவிட்டு முழுக்கதையும் சொன்னேன். இடது கை இன்னும் இணைக்கவில்லை.