கள்வன் கேட்ட வினா

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) குராசான் நாட்டுத் தூஸ் நகரில் பிறந்து, பின்னாளில் 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' என்று உலகம் போற்ற வாழ்ந்தவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். அவர்களுடைய இளமையில் நிகழ்ந்ததாக இமாம் தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ்) அவர்கள் தம் ஷாஃபிஈ அறிஞர் வரலாற்றில் பதிந்து வைத்துள்ள நிகழ்ச்சியொன்றை நம்மில் பலர் மத்ரஸாவில் கேட்டிருப்போம். கேட்டவர்கள் மறுமுறை கேட்பதில் நட்டமில்லை. இன்று அதற்குப் புதியதொரு பொருள் பிறந்திருக்கிறது.

மேற்கல்வியை நாடி ஜுர்ஜான் சென்றிருந்த இமாம் அவர்கள், ஆசிரியரிடம் கேட்டவற்றையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதிச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வழியில் கொள்ளைக் கூட்டமொன்று மறித்துக் கையிலிருந்த அனைத்தையும் பறித்துக்கொண்டது. வேறொருவராயின் உயிர் தப்பியதே போதும் என்று ஓடியிருப்பார். இமாம் அவர்களோ கள்வரைப் பின்தொடர்ந்தார்கள். திரும்பிப் போகாவிட்டால் உயிர் போகும் என்று தலைவன் அதட்டினான். மற்றவை போகட்டும், உங்களுக்குப் பயன்படாத அந்தக் குறிப்பேடுகளை மட்டும் தந்துவிடுங்கள் என்று வேண்டினார்கள். அவற்றில் உள்ளதைக் கேட்டு எழுதி அறிந்துகொள்வதற்காகவே தாம் ஊர் விட்டு வந்ததையும் எடுத்துரைத்தார்கள். கள்வன் நகைத்தான். நாங்கள் பையைப் பறித்ததும் அறிவில்லாமல் நிற்கிறீரே, அதனை அறிந்தவர் என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறீர் என்பது அவன் கேட்டதன் கருத்து. கேட்டுவிட்டுப் பையைத் திருப்பித் தரவும் செய்தான்.

தமக்கு வழிகாட்டுவதற்காக அல்லாஹ்வே அவனைப் பேசவைத்தான் என்று இமாம் அவர்கள் கருதினார்கள். தூஸ் திரும்பி மூன்று ஆண்டுகள் உழைத்து அக்குறிப்புகள் முழுவதையும் நெஞ்சில் ஏற்றினார்கள். இனி எவன் கொள்ளையடித்தாலும் அறிவு மட்டும் பறிபோகாது என்னும் நிலை வந்த பின்னரே அமைதி கொண்டார்கள்.

2022 நவம்பர் 30ஆம் நாள் 'சாட் ஜிபிடி' என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி உலகத்தார் கைக்கு வந்தது முதல், இந்தக் கள்வனின் வினா நம் செவியில் ஒலித்தவண்ணம் இருக்கிறது. கேட்டதை எழுதித் தருகிறது. எழுதியதைச் சுருக்கித் தருகிறது. கணக்கையும் போட்டுத் தருகிறது. பை நிரம்பி வழிகிறது. பைக்கு உரியவரிடம் என்ன இருக்கிறது?

இக்கவலை முன்னோர் அறியாததன்று. நபிமொழிகளை ஏட்டில் எழுதலாமா என்பது பற்றி முதல் தலைமுறைகளில் பெரும் கருத்து வேற்றுமை இருந்தது. எழுதிவைத்தால் மக்கள் ஏட்டை நம்பி மனனத்தைக் கைவிடுவர் என்று அஞ்சியோர் பலர். இரு தரப்புச் செய்திகளையும் கதீப் அல் பாக்தாதீ (மறைவு கி.பி. 1071) அவர்கள் 'தக்யீதுல் இல்ம்' என்னும் நூலில் தொகுத்துள்ளார்கள். முடிவில் எழுதுகோலே வென்றது. வென்றதும் நன்றே, இல்லையேல் அவ்வளவு பெரிய கருவூலம் நம் வரை வந்திராது. ஆயினும் ஏட்டைத் தனியே நடமாட அவர்கள் விடவில்லை என்பதுதான் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. பிரதியை ஆசிரியர் முன் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். கேட்டவர் பெயர்களைச் சுவடியில் பதிய வேண்டும். பிறகுதான் கற்பிக்க 'இஜாஸா' கிடைக்கும். ஆசிரியரின்றி ஏட்டிலிருந்து மட்டும் கற்றவனை 'ஸுஹுஃபீ' என்று இகழ்ந்தனர். அரபு எழுத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் பெயரே மாறிவிடும். அவனோ பிழையையும் தயக்கமின்றிப் படிப்பான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் தமிழ் சொல்லிவைத்தது இவனைப் போன்றோரைத்தான் போலும்!

ஸுஹுஃபீ இன்றும் மறையவில்லை. 2023இல் நியூயார்க் நீதிமன்றமொன்றில் வழக்கறிஞர்கள் இக்கருவியைக் கேட்டுப் பெற்ற முன் தீர்ப்புகளை மேற்கோளாகத் தாக்கல் செய்தனர். தேடிப் பார்த்தபோது அப்படிப்பட்ட வழக்குகளே நடந்ததில்லை எனத் தெரிந்தது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அறிவிப்பாளர் தொடரைத் துருவி ஆராய்ந்த மரபில் வந்த நமக்கு இதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

கள்வனின் சோதனையை அப்படியே நடத்திப் பார்த்தாற்போன்ற ஆய்வொன்றும் உண்டு. துருக்கி நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரைக் கொண்டு நடத்தப்பெற்று, 2025இல் அதன் முடிவு வெளியாயிற்று. கருவியைத் துணைக்கொண்டு கணக்குப் பயின்றவர்கள் பயிற்சியில் 48 விழுக்காடு மிகுதியாகத் தேறினர். கருவியை அகற்றிவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதனைக் கண்ணாலும் காணாத மாணவரைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். பை பறிபோனது, அறிவும் போனது. ஆனால் விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் காட்டுமாறு அமைத்த கருவியைப் பயன்படுத்தியோருக்கு இத்தீங்கு நேரவில்லை. இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இன்னொரு வியப்பு. இவ்வெந்திரங்களின் உயிர்நாடியான 'அல்காரிதம்' என்னும் சொல், கலீஃபா மஃமூன் (ஆட்சி 813–833) காலத்துப் பாக்தாத் அறிஞர் அல் குவாரிஸ்மீயின் பெயர் லத்தீனில் திரிந்ததால் பிறந்தது. இன்ன படியாகச் செய்துகொண்டு போனால் விடை வந்துவிடும் என்று வகுத்துக் காட்டியவர் அவர். அல்ஜிப்ரா பற்றிய அவருடைய நூலின் பெரும் பகுதி வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளே. எனினும் வழியைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. அவ்வழி ஏன் சரியானது என்பதைச் சதுரங்கள் வரைந்து மெய்ப்பித்தார்.

மனனம் செய்தால் சிந்தனை மங்கிவிடும் என்போர் இமாம் அவர்களின் பிற்கால வாழ்வைப் பார்க்க வேண்டும். 1091இல் பாக்தாத் நிஜாமிய்யாவில் ஆசிரியப் பொறுப்பேற்றபோது அவர்களுக்கு வயது முப்பத்து மூன்றுதான். முந்நூறு மாணவருக்குப் பாடம் நடத்திக்கொண்டே, கிடைத்த ஓய்வு நேரங்களில் தத்துவ நூல்களை ஆசிரியர் துணையின்றி இரண்டாண்டுக்குள் கற்றார்கள். அதன் பின்னும் ஏறத்தாழ ஓராண்டு, படித்ததையே திரும்பத் திரும்ப அசைபோட்டதாகத் தம் தன்வரலாற்றில் குறித்திருக்கிறார்கள். அந்த ஓராண்டை நாம் பெரிதாக மதிக்கிறோம். சில நொடிகளில் சுருக்கம் தரும் கருவி அந்த ஓராண்டைத்தான் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

சென்ற ஆண்டு எம் ஊர் மீலாது விழாப் பேச்சுப் போட்டியில் நடுவர்களுள் ஒருவராக அமர்ந்திருந்தோம். தலைப்பு ஹுதைபிய்யா உடன்படிக்கை. மூன்று சிறுவர்கள் அடுத்தடுத்துப் பேசினர். தொடக்கம் ஒன்று, அடுக்கிய படிப்பினைகள் ஒன்று, முடிவும் ஏறக்குறைய ஒன்று! ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. மூவரும் ஒரே இடத்தில் கேட்டு வாங்கியிருந்தனர். அவர்களுக்குப் பின் வந்த சிறுமி பாதியில் வரி மறந்து நின்றாள். பிறகு தாளை மடக்கிவிட்டு, தன் உம்மும்மா சொன்னதாக ஒன்றைச் சொன்னாள். குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தும் தோழர்கள் துயரத்தால் எழவில்லை. அப்போது, தாங்களே முதலில் செய்யுங்கள் என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) யோசனை கூறினார்கள். பெருமானார் அவ்வாறே செய்ய, எல்லாரும் எழுந்தனர். இதைச் சொல்லிவிட்டு, அந்நேரத்தில் அன்னைக்கு மட்டும் எப்படி அது தோன்றியது என்று அவையோரையே கேட்டாள் அச்சிறுமி.

அவளுக்கு மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. இடையில் தடுமாறியதற்காக மதிப்பெண் குறைந்தது. குறைத்தவர்களுள் நாமும் ஒருவர்.