திருச்சிராப்பள்ளிப் பிரகடனம் (1801)

திருச்சிராப்பள்ளிப் பிரகடனம், சிவகங்கையின் சின்ன மருது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து 1801 ஜூன் 16 அன்று வெளியிட்ட அறிக்கையாகும். அதன் ஒரு படி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனைச் சுவரிலும், மற்றொரு படி ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டன. இந்தியாவைக் குறிக்கும் ஜம்புத்தீவின் மக்கள் அனைவரையும் விளித்ததால் ஜம்புத்தீவுப் பிரகடனம் என்றும் இது வழங்கும். அந்நியப் படைபலம் ஆட்சியுரிமை ஆகாது என்று தென்னாட்டிலிருந்து எழுந்த ஆவணங்களுள் இது தலையாயது.

பின்னணி

1748-இல் பிரிட்டனும் பிரான்சும் ஐரோப்பாவில் சமாதானம் செய்துகொண்டன. ஆயினும் இரு நாட்டுக் கம்பெனிகளும் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்டவர்களுக்குத் துணைப்படை என்ற பெயரில் தென்னாட்டில் போரிட்டன. போட்டியாளர்களுள் ஒருவரான முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் முற்றுகைக்குள்ளானார். 1752 ஜூனில் ஸ்ரீரங்கம் தீவில் இருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அதன் துணையை நம்பியிருந்த மற்றொரு போட்டியாளர் சந்தா சாகிப் தஞ்சைத் தளபதியின் ஆணையால் கொல்லப்பட்டார். முகமது அலியை நவாபாக ஏற்ற 1763-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை ஐரோப்பிய அரசுகள் தம்முள் செய்துகொண்டது. படைச் செலவால் நவாபின் கடன் பெருகியது. 1792-இல் பாளையங்களின் கப்பத்தை வசூலிக்கும் அதிகாரம் கம்பெனியிடம் போயிற்று.

வாதம்

நவாப் இடங்கொடுத்ததால் நுழைந்தவர்கள் நம்பிக்கையை மீறி நாட்டையே தமதாக்கிக்கொண்டனர் என்பது பிரகடனத்தின் குற்றச்சாட்டு. அதனால் எல்லாச் சாதியினரும் ஒன்றுபட்டு எதிர்க்க வேண்டும், கம்பெனியின் இந்தியச் சிப்பாய்களும் ஆங்கிலேயரை எதிர்க்க வேண்டும் என்று அது அழைத்தது. அதே ஆண்டு ஜூலை 31-இல் நவாபின் கர்நாடக ஆட்சி முழுவதும் உடன்படிக்கை வழியே கம்பெனிக்குச் சென்றது. அக்டோபர் 24-இல் சின்ன மருது உள்ளிட்ட மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

பிற்காலச் சட்டம்

பிரகடனம் எழுந்த காலத்தில், போர் தொடுப்பது அரசர்களின் உரிமை என்பதே ஐரோப்பியக் கொள்கை. 1928-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒப்பந்தம் போரைக் கொள்கைக் கருவியாகக் கொள்வதைக் கைவிட்டது; 1945-இல் ஐ.நா. சாசனம் படைபலப் பயன்பாட்டையே தடைசெய்தது. 1954-இல் இந்தியாவும் சீனாவும் ஏற்ற பஞ்சசீலமும், 1955-இல் பாண்டுங் மாநாடும் ஆசியாவின் குரலாக இத்தடையை வலியுறுத்தின. 1974 டிசம்பர் 14-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற ஆக்கிரமிப்பு வரையறை, ஒரு நாட்டின் ஒப்புதலோடு அங்கே தங்கிய படை ஒப்பந்த நிபந்தனையை மீறிச் செயல்படுவதையும் ஆக்கிரமிப்பு என்கிறது. அந்நிய ஆட்சிக்கு உட்பட்ட மக்களின் தன்னுரிமைப் போராட்டம் இவ்வரையறையால் பாதிக்கப்படாது என்றும் அது உறுதிசெய்கிறது. மதிலில் ஒட்டிய அறிக்கையில் சின்ன மருது முன்வைத்த இவ்விரு நியாயங்களும் 173 ஆண்டுகளுக்குப் பின் உலக நாடுகளின் பொது ஒப்புதலைப் பெற்றன.